அண்ணன் நீங்கலாக

“தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்” என்று எல்லோரையும் விலக்கிவிட்டு, சித்தப்பா தானே பெட்டியின் தலைமாட்டை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே கிடக்கும் அப்பாவுக்கு இனி எதற்குக் காற்று என்று மகள் நினைத்தாள்.

கணையத்தில் புற்று. தெரியவந்தபோதே முற்றியிருந்தது.

சித்தப்பா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். ரத்தத்தைக் காட்டினால் வயிற்றுக்குள் வளரும் புற்றை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் செயற்கை நுண்ணறிவை வளர்த்தவர். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இத்தனை பேருக்கு அறிமுகப்படுத்தியதில்லை. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் தப்பவில்லை.

“ரத்தத்துல சில அடையாளம் இருக்கு சார். டாக்டர் கண்ணுக்கே சிக்காது, மெஷின் புடிச்சிரும். நூத்துக்குத் தொண்ணூத்தேழு!”

“அண்ணன் ரத்தத்தப் பாக்கலயா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவியாக.

“பாக்காமயா? நல்லா இருக்கறவங்க ரத்தத்தயும் காட்டுனாத்தானே அதுக்கு வித்தியாசம் தெரியும். மொதல்ல அண்ணன்கிட்டதான் எடுத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி. குத்துக்கல்லாட்டம் இருந்தாரு.”

மகள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். “மெஷின் என்ன சொல்லுச்சு சித்தப்பா?”

“அப்ப அது பச்சப்புள்ளம்மா. உளறும்.”

“என்னன்னு உளறுச்சு?”

சித்தப்பா டையைத் தளர்த்தினார். “புற்றுன்னுச்சு. மூணு தடவ போட்டோம், மூணு தடவயும். கல்லத் தின்னாலும் செரிக்கிற மனுஷன். கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதா? மெஷின் தப்புன்னு அவரு ரத்தத்தக் கணக்குலேருந்து எடுத்துட்டேன். யாரா இருந்தாலும் அதான் பண்ணுவாங்க. அப்புறந்தான் தொண்ணூத்தேழு வந்துச்சு.”

“அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“பயந்துருவாருன்னு...”

“அவரு பயந்துருவாருன்னா, இல்ல உங்க நம்பர் கொறஞ்சிரும்னா?”

மூலையில் அமர்ந்திருந்த அம்மா தலை நிமிர்ந்தாள். சித்தப்பாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. வெட்கமாக்கும் என்று மகள் நினைத்தாள்.

“அப்படின்னா,” என்றார் மெதுவாக, “மெஷின் சரியாத்தானே சொல்லிருக்கு! அண்ணனயும் சேத்துக்கிட்டா தொண்ணூத்தெட்டே வரும்போல.”

வாசலில் வண்டி வந்து நின்றது.

ஆளுக்கொரு பிடியாகப் பெட்டியைப் பற்றினார்கள். முன்பிடிக்குச் சித்தப்பா கையை நீட்டுவதற்குள் அம்மா எழுந்துவந்து அதைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பிடியில் மகள். பெட்டி படியிறங்கிப் போனது.

நீட்டிய கையோடு சித்தப்பா சற்று நேரம் நின்றார். பிறகு கூடத்தில் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.