துடைப்பக் கம்புக்குக் கீழே

ஐந்து நாற்பதுக்கு அலாரம். காபி இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறேன். முட்டை இரண்டு, வெண்ணெயில். நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். பதினெட்டு முட்டை உள்ள அட்டையைத்தான் வாங்குகிறேன். தனி ஆளுக்கு அது அதிகம். மிஞ்சுவதைப் பக்கத்து வீட்டு நாய் தின்கிறது. தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் கராஜுக்குப் போய் பச்சை மியாட்டா காரைப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். அந்த வண்டியில் கிளட்சை அழுத்தினால்தான் எஞ்சின் கிளம்பும். நான் இருக்கையில் உட்காருவதில்லை. வெளியே சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, இடது கையால் கிளட்சை அழுத்தி, வலது கையால் சாவியைத் திருப்புகிறேன். பிறகு எஞ்சினை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு என் பிக்கப் வண்டியில் வேலைக்குப் போகிறேன்.

அலுவலக நாற்காலிகள் செய்யும் கம்பெனியில் நான் சோதனைப் பொறியாளன். மேற்கு மிச்சிகனில் பாதிப் பேர் ஏதோ ஒரு நாற்காலியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். ஓர் இயந்திரம் மெத்தையின் மேல் எடையை இறக்கி ஏற்றும். ஒரு லட்சம் தடவை. பிறகு ஃபோம் எவ்வளவு எழுந்தது என்று அளப்பேன். முழுதாக எழாது. எழாமல் நின்ற பள்ளத்தை எழுதிவைப்பதுதான் என் வேலை.

மியாட்டாவின் ஓட்டுநர் இருக்கையில் பள்ளம் ஒன்பது மில்லிமீட்டர். அளந்திருக்கிறேன்.

கார் என் மனைவி ப்ரென்னாவுடையது. போன வருடம் பிப்ரவரியில், பல் மருத்துவமனையில் ஒருவருக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தோரு வயது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் வைத்த பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நேட், கடைசியா உன்கிட்ட என்ன சொன்னா?”

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியவில்லை. அது சொல்லும்படியாக இல்லை. “காரைப் பத்திரமா வெச்சிரு, ஜோசிக்குன்னு சொன்னா” என்றேன். ஜோசி ப்ரென்னாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பதினெட்டு. கார் அவளுக்குப் போகட்டும் என்பது என் யோசனைதான். தட்டில் இருந்த பன் தீர்வதற்குள் என் வாக்கியம் மூன்று மேசை தாண்டி, ‘ஒரு திருகைக்கூட மாத்தாம பத்திரமா வெச்சிரு’ என்று ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை.

இந்த ஏப்ரலில் காரை ஜோசியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். அம்மா வீட்டில் இடமில்லாததால் கார் என் கராஜிலேயே நின்றது. அவள் ஞாயிறு தோறும் வந்து கழுவினாள். கல்லூரி நண்பர்கள் அவளிடம் ஆளுக்கொன்று சொன்னார்கள். டர்போ போடு என்றான் ஒருவன். தாழ இறக்கு, பெரிய சக்கரம் மாட்டு, பின்னால் இறக்கை வை. பத்தொன்பது வயதில் முதல் ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்தவர்கள் எல்லோரும் அதையெல்லாம்தான் செய்வார்கள். அவள் எதற்கும் மசியவில்லை. வாசனைக்காக ப்ரென்னா தொங்கவிட்டு, வாசனை போய்விட்ட பைன் மர வடிவ அட்டையைக்கூடக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டாள். ப்ரென்னா ஓட்டிய பந்தயத்தடத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டும். மே மாதம் புதியவர்களுக்கான சனிக்கிழமை ஒன்று இருந்தது. பெயர் கொடுத்தோம்.

சனிக்கு முந்தைய செவ்வாய், மதியத்துக்கு மேல், சோதனைக்காக லைலின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனோம். பந்தயத்தட நாட்களை நடத்தும் எங்கள் கார் கிளப்பில் வண்டிகளைப் பார்த்து ஒப்புதல் தருவது லைல்தான். திறந்த கார் என்றால் அவர் முதலில் எடுப்பது ஒரு துடைப்பக் கம்பு. கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்காக இருக்கைக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு இருக்கும். ப்ரென்னா போட்டது. அதன் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்குக் கம்பை வைப்பார். ஓட்டுபவரின் ஹெல்மெட் கம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ப்ரென்னா ஐந்தடி இரண்டு அங்குலம். ஜோசி ஐந்தடி பதினொன்று.

“ஏறு கொக்கு” என்றார் லைல்.

ஜோசி ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தாள். கம்பு தொடவில்லை.

“நிமிர்ந்து உக்காரு.”

“நிமிர்ந்துதான் உக்காந்திருக்கேன்.”

லைல் அவள் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே கையை விட்டார். “இந்தச் சந்துல ஒரு பூனை குட்டி போடலாம். நிமிரு.”

நிமிர்ந்தாள். டொக் என்று ஹெல்மெட் கம்பைத் தூக்கியது. ஒன்றரை அங்குலம்.

“சனிக்கிழமை பூரா குனிஞ்சே ஓட்டறேன்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. கவிழறப்ப காரு உன்கிட்ட சொல்லிட்டா கவிழும்?” கம்பைச் சாய்த்து வைத்தார். “அழுவாதே. மியாட்டா வாங்கின நெட்டைங்க எல்லாரும் செய்யறதுதான். சீட்டைக் கழட்டி ஃபோமைக் குடைஞ்சு எடுத்துரு. புட்டத்துக்கு ஆபரேஷன்னு நாங்க சொல்லுவோம்.”

“வெட்ட மாட்டேன்.”

“சரி. பிரேக் ஆயில் எப்ப மாத்தின?”

“மாத்தல.”

“பிரேக் பேடு?”

“மாத்தல. அக்கா போட்டது.”

லைல் என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னார்: “பிரேக் ஆயில்ல என்னம்மா ஞாபகார்த்தம்? அது ஈரம் குடிச்சுக் கெட்டுப் போயிருக்கும். மூணாவது சுத்துல கொதிக்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது.”

வெளியே வந்ததும் ஜோசி சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீயே வெச்சுக்கோ நேட். சனிக்கிழமை வேணாம். பேரையும் உனக்கே திருப்பி மாத்திடறேன்.”

“வேற சீட்டு போடலாம்.”

“லைல்கிட்ட கேட்டுட்டேன். மெல்லிசா இருக்கிற பந்தய சீட்டு வர ஆறு வாரமாம். அது வந்தாலும் இது வெளியதான போகும்? அவ ஒண்ணுதான் கேட்டா. அதைக்கூடச் செய்யலைன்னா என்ன தங்கச்சி நான்? இது அவ காரு. அப்படியே நிக்கட்டும்.”

அப்படியே நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நாற்பது வயதில் செவ்வாயும் வெள்ளியும் மண்டியிட்டு, கையால் கிளட்சை அழுத்தி. ஐம்பது வயதில். இன்னொன்றையும் நினைத்தேன். இந்தப் பெண் இன்றைக்கு விட்டாலும் பிறகொரு நாள் வேறெங்காவது, கம்பு பிடிக்க ஆளில்லாத இடத்தில், முதுகைக் குனிந்துகொண்டு இதை ஓட்டுவாள். ஒரு தலை போனது போதும்.

அப்படியே நிற்க விட முடியாது என்று முடிவு செய்தேன்.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வா.”

“எதுக்கு?”

“வா.”

வந்தாள். முதலில் பிரேக். லைல் சொன்னது அவளுக்கு உறைத்திருந்தது, அதனால் மறுக்கவில்லை. அவள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் சக்கரத்தருகில் திருகைத் திறந்து மூடினேன்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“பிடிச்சிரு. ம். விடு.”

நாலு சக்கரத்திலிருந்தும் வடிந்த பழைய ஆயில் ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது. பேடுகளையும் மாற்றினோம். பிறகு நான் இருக்கையின் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்தேன்.

“நேட்.”

“கழட்டத்தான் போறேன். வெட்டல.”

நாலு போல்ட். இருக்கையைத் தூக்கி வேலை மேசையில் குப்புறப் போட்டேன். துணியைப் பிடித்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். உறை கழன்றது. மேலே மஞ்சள் நிறத்தில் பழைய ஃபோம். அதன் அடியில் ஒட்டியிருந்தது சாம்பல் நிறத்தில் இன்னொரு துண்டு, ஓர் அங்குலத் தடிமன். அது காரோடு வந்ததல்ல. திருப்பினேன். கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: மாதிரி 41. தேறவில்லை.

என் கையெழுத்து.

மூன்று வருடத்துக்கு முன்னால் ப்ரென்னா கேட்டாள், ஆபீஸில் வேண்டாத ஃபோம் இருந்தால் கொண்டு வா, தோட்டத்தில் முட்டி போட வேண்டும் என்று. கொண்டுவந்தேன். அவள் தோட்டத்தில் முட்டி போட்டு நான் பார்த்ததில்லை.

ஜோசி எழுத்தைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை.

“உன் ஃபெயிலான ஃபோம் மேல உக்காந்தா ஓட்டினா?”

“ஸ்டியரிங்குக்கு மேல தெரியலன்னு என்கிட்ட சொன்னதே இல்ல.”

“சொல்லுவாளா? ஏழாவது படிக்கிறப்பவே நான் அவளைத் தாண்டிட்டேன். குட்டச்சின்னு ஒரு தடவை சொன்னேன், ஒரு வாரம் பேசல.”

நான் பள்ளத்தை அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டரில் ஆறு, மாதிரி 41-ல் இருந்தது. தேறாத ஃபோம் அப்படித்தான்.

அதை எடுத்துவிட்டு, இருக்கையை அப்படியே காரில் வைத்து, அவளை ஏறச் சொன்னேன். கராஜ் துடைப்பத்தின் கம்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். இன்னும் அரை அங்குலம் இடித்தது. ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும்.

சமையலறைக்குப் போய் மின்கத்தியை எடுத்து வந்தேன். நன்றிநாள் வான்கோழி அறுப்பதற்கென்று எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது. ஃபோம் வெட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. எங்கள் ஆய்வகத்திலும் அதுதான்.

ஜோசி மஞ்சள் ஃபோமின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“அடியில இருந்தது போகட்டும். அது உன்னுது. இது வேணாம். ஒரு திருகைக்கூட மாத்தாதேன்னு சொன்னா இல்ல?”

“சொல்லல.”

“என்ன?”

“அவ அப்படிச் சொல்லல. காரைப் பத்தியே ஒண்ணும் சொல்லல. உங்கம்மா கேட்டாங்க. நானா இட்டுக்கட்டினேன்.”

கத்தியின் ஒயர் மேசை விளிம்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

“பதினஞ்சு மாசமா.”

“ஆமா.”

“பாவி.”

“ஆமா.”

“அந்த நாத்தம் பிடிச்ச பைன் அட்டையைக்கூட எடுக்கலடா நான்.”

“பார்த்தேன்.”

“பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்த?” அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. “அப்ப நிஜமா என்ன சொன்னா?”

“இது முடியட்டும். சொல்றேன்.”

“இப்பச் சொல்லு.”

“சொல்லிட்டா கத்தி கோணலாப் போகும். அப்புறம் வெட்ட முடியாது.”

என் கையைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

“கோடு போடு. என் காரு. நானே வெட்டறேன்.”

மார்க்கரால் கோடு போட்டேன். கத்தி உறுமியது. ஓரம் முழுதையும் விட்டு, நடுவில், ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு, கோணாமல் வெட்டினாள். என் ஆய்வகத்தில் இரண்டு பேர் இதைவிட மோசமாக வெட்டுகிறார்கள். மஞ்சள் தூள் அவள் முழங்கை வரை ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, கண்ணாடியிலிருந்த பைன் அட்டையை இழுத்துப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். வெட்டிய துண்டையும் மாதிரி 41-ஐயும் எடுத்துக்கொள்ளவா என்று நான் கேட்கவில்லை. அவளே இரண்டையும் அலமாரியில் வைத்தாள், ஒன்றின் மேல் ஒன்றாக.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். மேகம் இல்லை. லைல் கம்போடு வந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினார்.

“பூனை எங்க?”

“ஆபரேஷன்ல போயிடுச்சு.”

கம்பை வைத்தார். ஹெல்மெட்டுக்கும் கம்புக்கும் நடுவே அவர் விரல் தடையின்றிப் போய் வந்தது. கண்ணாடியின் மூலையில் ஒப்புதல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் ஏறுவதற்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. அதற்குள் நான் இருக்கை வார்களை இழுத்து இறுக்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளே அவள் காலால் கிளட்சை மிதித்துக் கிளப்பியது. ஜோசி ஹெல்மெட்டின் முகமூடியைத் தூக்கினாள்.

“வெட்டியாச்சு. கம்பும் பாஸ். இப்பச் சொல்லு.”

குனிந்தேன். அன்று காலை பனி பெய்துகொண்டிருந்தது என்றேன். ப்ரென்னா வாசலில் ஒரு பூட்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டு, சாவிக்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். என்னிடம் பேசுவதற்காகச் சாவியை வாயிலிருந்து எடுத்தாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை. அதையும் சொன்னேன். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

“முட்டை தீந்துடுச்சு. பதினெட்டு இருக்கிற அட்டையா வாங்கு. பன்னெண்டு நமக்கு எங்க காணுது?”