இடப்பக்கம் இரண்டடி

காலையில் முதல் பலகையை மேசைமேல் ஏற்றியதும் நான் இரண்டு தட்டு தட்டினேன். எதிர்ப்பக்கம் நின்ற மாப்பிள்ளை ஒரு தட்டு தட்டினான். இரண்டு தட்டினால் தயாரா என்று அர்த்தம். ஒன்று தட்டினால் தயார். இருபத்து மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என் தங்கையைக் கட்டியவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். பதினாறு வருடமாக ஒரே ரம்பத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நான் தள்ளுவேன், அவன் வாங்குவான். இரும்பு மேசையின் நடுவே ஒரு கீறல் விட்டிருக்கும். அதன் வழியே வட்ட ரம்பம் பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். மின்சாரத்தை நிறுத்தினாலும் முக்கால் நிமிடம் ஓடித்தான் அடங்கும், கோபக்காரன் கத்தி முடித்த பிறகும் முணுமுணுப்பதைப் போல.

மரம் செத்த பிறகும் அதற்குள் ஒரு முறுக்கு மிச்சமிருக்கும். நிற்கிற காலத்தில் காற்றுக்கும் சரிவுக்கும் ஈடு கொடுத்து நின்ற முறுக்கு. நீளவாக்கில் அறுக்க அறுக்க அது அவிழும். சில பலகைகள் அறுத்த வாயைப் பிளக்கும், சில மூடும். மூடுகிற பலகைதான் ஆளைத் தின்பது. வாய் மூடி ரம்பத்தின் முதுகைக் கவ்வினால், முதுகுப் பக்கத்துப் பற்கள் பலகையைத் தூக்கி, வந்த வழியே திருப்பி எறிந்துவிடும். வந்த வழியில் நிற்பவன் தள்ளுகிறவன்.

அதற்காகத்தான் ரம்பத்துக்குப் பின்னால், அதன் நிழல் மாதிரி, ஒரு இரும்புத் தகடு வைத்து மெஷினைச் செய்திருந்தார்கள். அறுத்த வாய்க்குள் அது நுழைந்து நின்றால் வாய் மூடாது. ஆனால் பலகையை முழுக்க அறுக்காமல் பள்ளமாகக் காடி வெட்டும்போது தகடு இடைஞ்சல். என்றைக்கோ ஒருநாள் காடி வெட்டுவதற்காகக் கழற்றி ஆணியில் மாட்டியவர்கள், பிறகு அதன்மேல் காலண்டரையும் மாட்டிவிட்டார்கள். பதினோரு வருடத்துக் காலண்டர்கள் அதன்மேல் வந்து போயின. தகடு செய்த வேலையை மாப்பிள்ளை செய்தான். இரண்டடி அறுத்ததும் நான் "ஆப்பு!" என்று கத்துவேன். அவன் கையிலிருக்கும் மர ஆப்பை அறுத்த வாயில் செருகுவான். பட்டறையில் அவனுக்குப் பெயரே ஆப்புதான். "எல்லாருக்கும் ஆப்பு வைக்கிற மனுசன், எனக்குத்தான் முதல்ல வச்சாரு" என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் அங்கேதான் வேலை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பாலிஷ் அறையில், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது.

என் பங்குக்கும் ஒரு பெருமை இருந்தது. கடைசி ஒன்றரை அடியை நான் கையால் தள்ளுவதில்லை. பலகைக்கு நேர் பின்னால் நின்று வயிற்றால் தள்ளுவேன். இரண்டு கையும் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் பீடியைக்கூடப் பற்றவைத்திருக்கிறேன். புதிதாக வருகிற ஆட்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "தொப்பை சும்மா இல்ல, அதுவும் சம்பளம் வாங்குது" என்பான் மாப்பிள்ளை.

பேச்சு நின்றது கண் ஆஸ்பத்திரியில். தங்கைக்குக் கண் காட்டப் போயிருந்தோம். நான் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகினவன். எங்கே எழுத்தைக் கண்டாலும் வாய் தானாக அசையும். சுவரில் இருந்த பலகையைச் சத்தமாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். "மெதுவா மச்சான், எழுத்துக்கு வலிக்கப் போகுது" என்றான் அவன். வரிசை முழுக்கச் சிரித்தது. தங்கையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. "ஆப்பு சொருகுறவனுக்கு அதெல்லாம் எங்க புரியும்?" என்றேன். சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. அவன் முகம் மட்டும் அணைந்துபோனது. அவ்வளவுதான். சண்டை என்று சொன்னால் சண்டைக்கே வெட்கம்.

ஆனால் ரம்பம் இரண்டு பேரை எதிரெதிராகத்தான் நிறுத்தும். தலையை நிமிர்த்தினால் அவன் முகம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் மறுநாளே நான் இடப்பக்கம் இரண்டடி தள்ளி நிற்க ஆரம்பித்தேன். அங்கிருந்து வயிற்றால் தள்ள முடியாது. நீளக் கட்டை ஒன்றின் நுனியில் வெட்டு விட்டு, அதை வைத்துத் தள்ளினேன். "ஆப்பு" என்று கூப்பிடுவதற்குப் பதில் மேசையில் மூன்று தட்டு.

அன்றைக்கு அறுத்தது கதவு நிலைக்கான சட்டங்கள். மூன்று விரல் அகலம், ஏழடி நீளம், கனத்த மரம். நாலாவது பலகை. இரண்டடி போனது. மூன்றடி போனது. அறுத்த வாய் மெல்ல மூடுவதை நான் பார்த்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். பார்த்தேன். அவனுக்கும் தெரியுமே, தானாகச் செருகட்டுமே, எல்லாவற்றுக்கும் நான்தான் தட்ட வேண்டுமா என்று ஒரு வீம்பு. விரல் மேசைமேல்தான் இருந்தது. தட்டவில்லை. ரம்பத்தின் குரல் கட்டிக்கொண்டது. மரம் கருகும் வாசனை வந்தது. ஆறடி தாண்டிவிட்டது. இன்னும் ஒரு சாண்தானே என்று தள்ளினேன்.

கண் இமைக்கும் நேரம் என்கிறார்கள். இமை அதற்குள் பாதி தூரம்கூட வந்திருக்காது. ஒரு வெடிச்சத்தம். தள்ளுகட்டை கையில் இல்லை. மேசைமேல் சட்டம் இல்லை. மிச்சமிருந்த ஒரு சாணைத் தானே கிழித்துக்கொண்டு அது போய்விட்டது. போனதை நான் பார்க்கவில்லை. யாராலும் பார்த்திருக்க முடியாது. வலது இடுப்போரம் ஒரு காற்று மட்டும் போனது, யாரோ அவசரமாக உரசிக்கொண்டு கடந்ததைப் போல. சட்டையின் வால் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது.

முழங்காலால் சுவிட்சை அழுத்தினேன். ரம்பம் முணுமுணுத்து அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. மரத்தூள் வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மேசையைச் சுற்றி வந்தான். பழைய பலகையில் ஆணி இருக்கிறதா என்று தடவுவோமே, அப்படி என்னைத் தடவினான். நெஞ்சு, வயிறு, இடுப்பு, முதுகு.

"இருக்கியா?"

"இருக்கேன்."

இருபத்து மூன்று நாளைக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு.

அவன் இடது கை மூடியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளே ஆப்பு. அழுத்திப் பிடித்ததில் அதன் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.

"வாய் மூடறதப் பாத்தேன் மச்சான். நீ தட்டுவேன்னு நின்னேன்."

"நீயா போடுவேன்னு நானும் நின்னேன்."

அவன் ஆப்பை மேசைமேல் வைத்தான்.

அப்போதுதான் பலகைத் தடுப்பைப் பார்த்தோம். நான் நின்ற இடத்துக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி, முக்கால் அங்குலக் கனத்தில் பிளைவுட் இரண்டு அடுக்கு. சட்டம் அதற்குள் போயிருந்தது. பிளைவுட் பிளக்கவில்லை, சிதறவில்லை. அளவெடுத்துத் துளை போட்டுச் செருகியது மாதிரி நின்றது. உளியும் சுத்தியலும் கொடுத்து, அரை நாளும் கொடுத்தால்கூட அவ்வளவு சுத்தமாக நான் ஒரு துளை போடமாட்டேன். கடைசி நுனி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பக்கம் தங்கை இருப்பது அப்போதுதான் உறைத்தது.  மாப்பிள்ளை கதவை நோக்கித் திரும்பினான்.

கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். தலையெல்லாம் வெள்ளைத் தூள். கையில் உப்புத்தாள்.

"வார்னிஷ் டப்பாவுக்கு மேல, என் காதுக்கு நேரா, ஒரு முழம் நீட்டிக்கிட்டு நிக்குது. யாரு அனுப்புன தந்தி அது?" என்றாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். என் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. "நல்லாருக்குண்ணே. ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டீங்க. கட்டை பேசிருச்சு." சொல்லிவிட்டு மரத்தூள் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள்.

முதலாளி வந்தார். தலையில் கை வைத்தார். கட்டையைப் பிடுங்கி எடுத்துவிட்டுத் துளையை அடையுங்கள் என்றார். "இருக்கட்டும் சார்" என்றாள் தங்கை. அவள் சொன்ன விதத்தில் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் மாப்பிள்ளை, சுண்ணாம்புத் தூள் தடவிப் பலகையில் குறி போடுகிற நூலை எடுத்துவந்தான். ஒரு முனையை ரம்பத்தின் பல்லில் மாட்டினான். மறுமுனையைத் தடுப்பில் நின்ற சட்டத்தின் நுனியில் கட்டி, விறைப்பாக இழுத்தான். என்னைப் பார்த்தான்.

"பழைய எடத்துல வந்து நில்லு மச்சான்."

"எதுக்கு?"

"நில்லேன்."

நின்றேன். பதினாறு வருடம் நின்று நின்று சிமெண்டுத் தரையே அங்கே வழவழப்பாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் என் பாதம் அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். குறுக்கே நூல் இருந்ததால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நிற்க முடிந்தது. நூல் என் சட்டையை வந்து தொட்டது. மூன்றாவது பொத்தானுக்குக் கீழே, தொப்புளுக்கு நேராக. மூச்சு இழுத்தபோது வயிறு நூலைத் தள்ளியது, விட்டபோது நூல் வயிற்றைத் தள்ளியது. அதுவரை எனக்குப் பயம் வரவில்லை. வந்ததைப் பயம் என்று சொல்லவும் முடியாது. பெரிய மலை அடிவாரத்தில் போய் நின்றால் உடம்பு தானாகச் சிறுத்துக்கொள்ளுமே, அது. கோபித்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தேன். அந்தக் கோபம்தான் வாயை அடைத்து ஆப்பைத் தடுத்தது. அதே கோபம்தான் என்னை நூலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை நூலை விரலால் சுண்டினான். சுண்ணாம்புத் தூள் சட்டையில் ஒரு கோடு போட்டது.

பிறகு அவன் காலண்டரைத் தூக்கினான். தகடு அங்கேயே இருந்தது. குளவி மண்கூடு கட்டியிருந்தது. துருவைத் தேய்த்தோம். மாட்டுகிற வகை இருவருக்கும் மறந்துபோயிருந்தது. சுவிட்ச் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, எண்ணெய் படிந்து மஞ்சளாகி. அந்தப் பெட்டியைத் தினமும் திறந்திருக்கிறேன். எழுத்துத் தெரிந்த பிறகும் ஆறு வருடம் திறந்திருக்கிறேன். தெரிந்ததைப் படிக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

"என்ன போட்டிருக்கான் பாரு" என்றான்.

நான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தேன்.

"மெதுவாவே படி மச்சான். கட்டை ஒன்னும் இப்பத் திரும்பி வராது."

கூட்டிப் படித்தேன். வாய் அசைந்தது. தகட்டுக்கு எந்தத் திருகு, பல்லுக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி. நான் ஒரு வரி சொல்லச் சொல்ல அவன் ஒரு திருகை முடுக்கினான். கடைசி வரியில் எண்ணெய்க் கறை. விரலால் துடைத்தேன். "பலகை... போகும்... நேர்கோட்டில்... நிற்கக் கூடாது." அவன் திருகு முடுக்குவதை நிறுத்திவிட்டு, "திருப்பிச் சொல்லு" என்றான். சொன்னேன். "இத ஒட்டினவன் யாரோ, நல்லாருக்கட்டும்" என்றான்.

மறுநாள் காலை முதல் பலகையை ஏற்றினோம். அவன் வழவழத்த தரைமேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பட்டை இழுத்திருந்தான். பேச்சு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்காமல் விலகி நிற்க இனிக் காரணம் இல்லை. அதுதான் எனக்கு உதறல். என் பாதம் இரண்டு முறை அந்தப் பட்டையை நோக்கிப் போயிற்று. இரண்டு முறையும் அவன் எதிரேயிருந்து தொண்டையைக் கனைத்தான். தள்ளுகட்டையை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்தேன். தகடு இருந்தும் அவன் கையில் ஆப்பு இருந்தது.

"தயாரா?" என்றேன், வாயால்.

"போடு."

சுவிட்சைப் போட்டேன். ரம்பம் எழுந்தது. நான் பலகையைத் தொடாமல் திரும்பிப் பார்த்தேன். தடுப்பில் குத்தி நின்ற சட்டம் ரம்பத்தின் குரலுக்கு லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. திறந்த கதவு வழியே, அந்தப் பக்கம் நீட்டிய அதன் முனையில் தங்கை தன் துடைக்கும் துணியைத் தொங்கவிட்டிருந்தது தெரிந்தது. அவள் முதுகு காட்டி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லாத அந்த அறையில் துணி மட்டும் மெல்ல ஆடியது.