நாலு வரிசை மக்காச்சோளம்

1

இந்தக் கதை நானாக நினைத்து எழுதியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பயிர்ப்பூச்சி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் கூப்பிட்டனுப்பி, "குளவியப் பத்தி ஒரு கதை வேணும். படிச்சதும் விவசாயிங்க மருந்தடிக்கறத நிறுத்தணும்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கதையில் யாரும் மருந்தடிக்கக் கூடாது. குடிகாரரே இல்லாமல் மதுவிலக்குக் கதை எழுதச் சொன்ன மாதிரி. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற வயலில் ஒரு வீரக் குளவி

அடித்துவிட்டேன். (அந்தக் குளவி கடுகில் பாதிகூட இல்லை. வீரத்தை எங்கே வைத்துக்கொள்ளும்?)

2

ஆகவே மனுஷியிலிருந்து தொடங்குகிறேன். நிலையத்தில் குளவி வளர்ப்பவள். அண்ணன் அவளைப் 'பூச்சியம்' என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும், பிறகு பார்த்த உத்தியோகத்துக்கும் ஒருசேரப் பொருந்திய பெயர்.

கடல் கடந்து வந்து மக்காச்சோளத்தைத் தின்று தீர்க்கும் படைப்புழுவை ஒழிக்க வேண்டும். அதற்கு இந்த மண்ணிலேயே இருக்கிற குளவி போதும். ஆனால் அந்தக் குளவி புழுவின் முட்டைக்குள்தான் தன் முட்டையை வைக்கும். எனவே முதலில் புழுவைப் பெற்ற பிள்ளை போல வளர்த்தாக வேண்டும். வளர்த்தாள். வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறப்பவள், புழுவுக்குச் சாப்பாடு வைக்க மறந்ததே இல்லை.

ஆய்வகத்தில் ஜெயித்ததை வயலில் காட்ட யாரும் நிலம் தரவில்லை. அண்ணன் தந்தார்.

"பூச்சியம் சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்தப் போகம் ஒரு சொட்டு மருந்து கிடையாது."

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. (அந்த வீட்டில் அண்ணி ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு கருத்துதான்.)

குளவி வெளிவரப்போகும் முட்டைகள் ஒட்டிய அட்டைகளை அவளே செடி செடியாகக் கட்டினாள்.

3

அட்டை கட்டுவதற்கு முன்பே பொரித்துவிட்ட புழுக்கள் வயலில் இருந்தன. குளவி முட்டையைத்தான் தொடும்; புழுவாகிவிட்டதை ஒன்றும் செய்யாது. பொறுங்கள், அடுத்த முட்டைகளில் பலன் தெரியும் என்று எத்தனையோ விவசாயிகளுக்கு வாய் வலிக்கச் சொன்னவள் அவள். அதெல்லாம் அடுத்தவர் வயல். இது அண்ணன் வயல். குருத்தெல்லாம் சல்லடை. பாதியில் நிற்கும் மாடியறைக்கு இந்த விளைச்சலில்தான் கூரை.

அண்ணன் கவலைப்படவில்லை. "நீதான் பொறுக்கணும்னு சொல்லியிருக்கியே" என்றார். அந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

4

(இந்தப் பகுதியைத் தலைவர் முழுவதுமாக அடித்துவிட்டார். நீங்கள் படிப்பது அடிக்காத பிரதி.)

அண்ணன் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் மருந்துக் கடைக்குப் போனாள். விஷம் வேண்டாம், குளவி போதும் என்று அவளே வாசகம் எழுதிய சுவரொட்டி கடைக்குள் தொங்கியது. கடைக்காரர் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மருந்து விலை எழுதியிருந்தார். வாங்கினாள். தெளிப்பானை முதுகில் மாட்டி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வயலில் இறங்கினாள். கண் கலங்கியது என்று எழுதியிருந்தேன். "மருந்து நெடி, வேற ஒண்ணுமில்ல" என்று அவள் திருத்தினாள்.

நாலு வரிசை முடித்துத் திரும்பினால் வரப்பில் அண்ணி.

"அதக் கீழ வை."

"பயிர் போயிடும் அண்ணி."

"போகட்டும். நான் சொல்லி அவர் எதையும் விட்டதில்ல. நீ சொன்னேன்னு மருந்த விட்டாரு. நானே பல்லக் கடிச்சிட்டு இருக்கேன். உனக்கென்ன கேடு?"

அவள் தெளிப்பானைக் கழற்றினாள். அண்ணியே தூக்கிப்போய்க் கழுவி வைத்தாள்.

5

பயிர் பிழைத்தது. முழுசாக இல்லை, மாடியறைக்குக் கூரை போடும் அளவுக்கு. புது முட்டைகள் கறுத்துப்போய், அவற்றிலிருந்து புழுவுக்குப் பதிலாகக் குளவிகள் வந்தன. அந்த நாலு வரிசையில் மட்டும் குளவிகள் செத்துவிட்டதால், புதிதாகப் பொரித்த புழுக்கள் கேட்பாரில்லாமல் தின்றன.

"அங்க மட்டும் ஏன் அப்படி?" என்றார் அண்ணன், சாப்பிடும்போது.

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "ஒப்பிட்டுப் பாக்க மருந்தடிச்சு வச்சா. ஆராய்ச்சின்னா அப்படித்தானாம்."

அண்ணன் பூரித்துப்போனார். நிலையத்து அறிக்கையிலும் அதற்கு 'ஒப்பீட்டுப் பகுதி' என்று பெயர் ஏறிவிட்டது. வயல் பார்க்க வருகிறவர்களை அவர் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். "நல்லது விளைய யார் வேணா திட்டம் போடலாம். என் தங்கச்சி கெட்டுப்போறதுக்கும் திட்டம் போட்டா." அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

6

முடிவு எழுத வேண்டும்.

அவள் உண்மையைச் சொல்கிறாள், அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிறார். (மாட்டார்.) அண்ணனுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். (என்னைப் போன்றவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி இது. அவருக்குத் தெரியாது, விசாரித்துவிட்டேன்.) அல்லது, கூரை போட்ட புது அறையில் ஒருநாள் அவளும் அண்ணியும்

அவளிடமே கேட்டேன்.

"சொன்னா திட்ட மாட்டார். அடுத்த போகமும் நிலத்த எனக்கே குடுப்பார். அதுதான் பயமா இருக்கு" என்றாள். பிறகு, "நீங்க எழுதிக்கோங்க. அண்ணன் கதையெல்லாம் படிக்கற ஆளில்ல."

நேற்று அண்ணனே தொலைபேசியில் வந்தார். "எங்க பூச்சியத்தப் பத்தி எழுதியிருக்கீங்களாமே. ஒண்ணு அனுப்புங்க. எனக்குப் படிச்சுப் பழக்கமில்ல. இத மட்டும் எழுத்துக்கூட்டியாவது படிச்சிடுவேன்."

மேசைமேல் இரண்டு பிரதிகள் கிடக்கின்றன. ஒன்று, நீங்கள் படித்தது. மற்றதில் நான்காம் பகுதி இல்லை. அண்ணி சொன்னதே அதில் உண்மை. அண்ணன் முகவரி எழுதிய உறை ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை.

எதை உள்ளே வைக்கட்டும்?