ஒன்று புள்ளி மூன்று

ஓர் ஆளின் மூச்சுக்கு எங்கள் அலுவலகத்தில் படிந்த விலை, எட்டு மாத பேட்டரி.

குளிர்க்கிடங்குச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு நாங்கள் சிப் செய்தோம். குளிரூட்டும் அம்மோனியா கசிந்தால், பெட்டி ரேடியோ வழியாக வெளியே சொல்ல வேண்டும். கம்பி கிடையாது, உள்ளங்கை அளவு பேட்டரிதான் அதற்குச் சோறு. ரேடியோவுக்கு எத்தனை வோல்ட் என்று கணக்குப் போடுவது என் வேலை.

வோல்ட் என்பது கூரை. அதன் கீழே ட்ரான்சிஸ்டர்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். கூரை தாழ்ந்தால் தலை இடிக்கும். உயர்ந்தால் பேட்டரி கரையும். குளிரிலோ இந்தச் சனியன்கள் நிமிர்வதற்கே கூடுதல் இடம் கேட்கும். என் கணக்கில் வந்தது 1.4. பேட்டரி நாலு வருடம் நாலு மாதம் தாங்கும்.

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். எடுத்த எடுப்பில் உள்ள விலையைச் சொன்னவன் அங்கே உருப்பட்டதில்லை. கூட்டத்தில் 1.6 என்றேன்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு புள்ளி ஆறா? ஏம்பா, சினிமா கொட்டகைக்கா கரண்ட் கேக்கறே? ஒண்ணு போதும்."

"ஒண்ணுல அது கொட்டாவிகூட விடாது சார்."

"அட்டையில அஞ்சு வருஷம்னு அச்சடிச்சாச்சு. நீ சொல்றதுக்கு மூணுதான் வரும். சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணு புள்ளி மூணு. அஞ்சு வருஷமும் வந்துரும்."

வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் 1.6 பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் 1.4-ஐ யார் நம்புவார்? தலையாட்டினேன். மைனஸ் இருபதில் சோதித்தோம், தேறியது. மைனஸ் முப்பதுக்கு நாள் இல்லை என்றார் தராசு. அதற்கும் ஆட்டினேன்.

அக்கா வீட்டுக்காரர் அப்படியொரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பெட்டி மாட்டிய அன்றே ஃபோன் செய்தார்.

"மாப்ள, உன் பொட்டி என் தலைக்கு மேலேயே உக்காந்து மாமியார் மாதிரி முறைக்குது. சத்தம் இல்ல, அதுவரைக்கும் தேவலாம்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கிடங்கை முதல்முறையாக மைனஸ் முப்பத்திரண்டுக்கு இறக்கியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் குழாய் விட்டது. பெட்டி அதை முகர்ந்தது. முகர்ந்த நேரம்கூட அதன் நினைவில் பதிந்திருந்தது. ரேடியோதான் எழவில்லை. வெளியே, உள்ளே போகலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. மாமா வண்டியை உள்ளே விட்டார். இழுத்து வந்தபோது உயிர் இல்லை.

"கத்தலையாமேடா அது. ஏன்?" என்றாள் அக்கா.

"குளிருதான்க்கா."

"குளிருக்குள்ள மாட்டத்தானேடா அதைச் செஞ்சீங்க?"

மறுவாரம் பெட்டியை ஆய்வகக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். மைனஸ் முப்பத்திரண்டு. 1.3-இல் பிணம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 1.38-இல் பேசியது. பக்கத்தில் நின்ற தராசுக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

"முதல்லயே ஒண்ணு புள்ளி நாலுன்னு சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொல்லியிருந்தா?"

கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லவில்லை.

"ஒண்ணு புள்ளி ரெண்டுல முடிச்சிருப்பேன்."

பெட்டிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி எல்லாக் கிடங்குகளுக்கும் எழுதினோம். விற்றது நாலாயிரத்து முந்நூறு. வந்து சேர்ந்தது மூவாயிரத்து எண்பது. வரவேண்டியது ஆயிரத்து இருநூற்று இருபது.