துப்பாக்கிக்குள் திரிப்பஞ்சு

புரட்டாசி சனிக்கிழமை. காலை ஒன்பது ஐம்பதுக்கு, விளக்குக்குத் திரி போடலாமென்று பஞ்சு பாக்கெட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று நாளைக்கு முன்னால் இதே பஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து என் வீட்டுக்காரரின் துப்பாக்கிக் குழாய்க்குள் அடைத்திருந்தேன். அதை வெளியே எடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. அவரோ அதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எட்டரைக்கே சுடுகளத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

புத்தி கெட்டவளே என்று என்னை நானே திட்டிக்கொண்டு கார் சாவியைத் தேடினேன். அது என் கையிலேயேதான் இருந்தது.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு லேப்டாப், மிக்ஸி, டிரில்லிங் மிஷின் எல்லாம் வைத்து முடித்தபோது, "இதுவும் ஆயுதம்தானே புள்ள" என்று அவர் துப்பாக்கியையும் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். இரண்டாம் உலகப் போரில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் தூக்கித் திரிந்தது. நானும் பெரிய இவளாட்டம் அதன் வாயில் ஒரு செவ்வந்தியைச் செருகினேன். காம்பு குட்டை, உள்ளே விழுந்துவிடும் போலிருந்தது. பஞ்சைச் சந்தனத்தில் நனைத்து, ஊதுபத்திக் குச்சியால் குத்திக் குத்தி உள்ளே இறக்கி, அதன்மேல் பூவை நட்டேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அவர் பூவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார். பஞ்சு உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. பூஜைக்கென்று அவரே குழாயைப் பளபளவென்று துடைத்து வைத்ததால், இன்னொரு தரம் உள்ளே பார்க்கவும் அவருக்குத் தோன்றாது. மூன்று நாள் காய்ந்த சந்தனம் சிமெண்டுக்குச் சமம்.

குழாய் அடைத்திருக்கும்போது சுட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர்தான் சொல்லியிருக்கிறார். குண்டு போக வழியில்லாமல் குழாய் வெடிக்கும். சுடுகிறவரின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருக்கும், கண் அதற்கு மேலேயே இருக்கும்.

மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். ஐம்பது கஜத்தில் சுட்டால் குண்டெல்லாம் மூன்று அங்குலம் வலப்பக்கம் போகிறதாம். குழாய் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு சின்ன இரும்பு நிற்கும், குறி பார்க்க உதவும் அதுதான் முன் சைட். "குண்டு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே இதைத் தள்ளோணும் புள்ள. எதிர்ப் பக்கம் தள்ளினா இன்னும் கெட்டுப்போகும்" என்று, சமையலறை மேசையில் பென்சில் கோடு போட்டு, திருகுப் பிடியை மாட்டி, ஒரு மில்லிமீட்டர் தள்ளுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தார். இந்த வேலைக்குப் பேர் ஜீரோ பண்ணுவதாம். ஜீரோ வாங்கினால் எங்கள் வீட்டில் உதை விழும். இந்த மனுஷன் ஜீரோ வாங்கவே அலைகிறாரே என்று சிரித்தேன். தள்ளி வைத்தது சரியா என்று மூன்று குண்டு சுட்டுப் பார்க்கத்தான் இன்று போயிருந்தார்.

போன் அடித்தேன். வாய்ஸ்மெயில். சுடும்போது போனைக் காரிலேயே வைத்துவிடுவார். சுடுகளத்து நம்பருக்கு அடித்தால் ஒரு பதிவுக் குரல் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று நிதானமாகப் படித்தது. போலீசுக்கு 911 என்று அழுத்தப் போய் இரண்டு எண்ணோடு நிறுத்தினேன். என்னவென்று சொல்வது? புருஷன், துப்பாக்கி, ஆபத்து என்று என் இங்கிலீஷில் பதறினால் போலீஸ் என்ன நினைத்துக்கொண்டு வரும்? அவர் கையில் துப்பாக்கியோடு திரும்பிப் பார்ப்பார். ஐயோ, வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஊர் ரவுண்ட் ராக்கிலிருந்து லிபர்ட்டி ஹில் ஊரையும் தாண்டிப் போக வேண்டும், நாற்பது நிமிஷம். கையெல்லாம் வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது.

ஒரே ஒரு நம்பிக்கை ராகுகாலம். கோயிலுக்குப் போக ஆயிரம் சாக்குச் சொல்கிற மனுஷன், ராகுகாலத்தில் மட்டும் எதையும் தொடங்க மாட்டார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரை வரைக்கும் சுட மாட்டார், நான் போய்ச் சேர்ந்துவிடலாம். இப்படி நினைத்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வீட்டில் ராகுகாலத்தைப் பற்றி நடந்த சண்டை நினைவுக்கு வந்தது. எங்கள் மகள் வெண்பா அவர் போனில் ஒரு பஞ்சாங்க ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். "Appa, sunrise here is different" என்று வேறு சொன்னாள். அந்த ஆப் கணக்கில் ரவுண்ட் ராக்குக்கு ராகுகாலம் பத்து இருபதுக்குத்தான் ஆரம்பம். சமையலறையில் தொங்கும் பொள்ளாச்சி நகைக்கடைக் காலண்டரைப் பார்த்துப் போயிருந்தால் இன்னும் சுட்டிருக்க மாட்டார். ஆப்பைப் பார்த்திருந்தால் போன கையோடு சுட்டிருப்பார். எதைப் பார்த்தார்? கேட்காமல் விட்டேனே! பகவானே, காலண்டராக இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது. ஓரம் கட்டி நின்றேன். அது என்னைத் தாண்டி டவுன் பக்கம் போனது. திரும்பி அதன் பின்னாலேயே போவதா, இல்லை நேரே போவதா? நேரே போனேன். மீதிப் பதினைந்து நிமிஷமும் அந்த ஆம்புலன்சுக்குள் அவர் படுத்திருப்பதாகத்தான் நினைத்து அழுதேன்.

பத்து முப்பத்திரண்டுக்குச் சுடுகளம். உள்ளே படார் படார் என்று சத்தம். கவுண்டரில் இருந்தவன் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னான். "ஹஸ்பண்ட், காட்டன், இன்சைட்" என்றேன். இருபது வருஷம் ஆபீசில் பேசிய இங்கிலீஷ் அவ்வளவுதான் வந்தது. அவனைத் தள்ளிவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினேன்.

நீளமான தகரக் கொட்டகை, வரிசையாக மேசைகள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு தொப்பியும் காதுமூடியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது மேசையில் தொப்பியில்லாத அந்த வழுக்கை, அந்த நீலச் சட்டை. முழுசாக இருந்தார், காலண்டரைத்தான் பார்த்திருக்கிறார்! உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. கன்னத்தைக் கட்டையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க!" என்று கத்தினேன்.

அவர் காதுமூடி வெடிச்சத்தத்தை மட்டும் தடுக்கும், பேச்சை உள்ளே விடும். நன்றாகவே கேட்டிருக்கிறது. திரும்பாமலே இடது கையை உயர்த்தி, 'இரு, வரேன்' என்று காட்டிவிட்டு மறுபடி துப்பாக்கியைப் பிடித்தார். இருபத்து நாலு வருஷமாகக் குப்பைத் தொட்டிக்கும் காபிக்கும் ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தச் சொல்லுக்கு மனுஷன் திரும்புவதையே விட்டிருந்தார்.

"ஏனுங்க, சுடாதீங்க!" பக்கத்து மேசையில் ஒரு வெடி. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கோபாலசாமீ!"

கல்யாணமாகி ஒரு நாள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாரத்தில் எழுதியிருக்கிறேன், பேங்க்கில் கேட்டால் சொல்லியிருக்கிறேன். அவரைப் பார்த்துச் சொன்னதில்லை, எங்கள் பக்கம் அது பழக்கமில்லை. அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் கத்தலில் நானே பயந்துபோனேன்.

அவர் கை துப்பாக்கியை விட்டது. எழுந்து திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ "சீஸ் ஃபயர்!" என்று கூவ, எல்லா மேசையும் அடங்கியது. அவர் தடுமாறி என்னிடம் வந்தார்.

"அம்மாவா?" என்றார். "எப்பப் புள்ள? போன் வந்துச்சா?"

உடுமலையில் என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. அந்தப் போன் எந்த நேரமும் வரலாம் என்று போன மாதத்திலிருந்து இரண்டு பேருமே பயந்துகொண்டுதான் இருந்தோம். நான் அவர் பேரைச் சொல்லிக் கத்துகிறேன் என்றால் அவருக்கு வேறென்ன தோன்றும்?

"அத்தை நல்லாத்தான் இருக்குறாங்க" என்றேன். "போயிருப்பீங்க, நீங்கதான் போயிருப்பீங்க." துப்பாக்கியின் வாயைக் காட்டினேன்.

களத்துப் பொறுப்பாளர் குண்டை வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கமாகக் குழாய்க்குள் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. ஒரு பித்தளைக் கம்பியை விட்டு இடித்தார். இடித்து இடித்துத்தான் வந்தது, விரல் நுனி அளவுக்கு மஞ்சளாய் இறுகிப்போன ஒரு கட்டி. இது என்ன, எப்படி உள்ளே போனது என்று கேட்டார்.

"நாந்தானுங்க அடைச்சேன்" என்று அவரைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன். "பூ நிக்கோணும்னு அடைச்சேனுங்க."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"விரலை வச்சிட்டேன் புள்ள," என்றார். "அழுத்தறதுதான் பாக்கி."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே எம்பேரச் சொல்லாத. வயித்தைக் கலக்குது" என்றார்.

"சொல்ல மாட்டேனுங்க" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இரண்டு பேருக்குமே கார் ஓட்டக் கை வரவில்லை. களத்தை மூடும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.