பியூஸ் கட்டை இல்லாத வெளிச்சம்

1998 ஆடியில் ஒரு மத்தியானம் வளர்மதி கல்லூரிக் கம்ப்யூட்டரில் முதல் மரபணுவை ஏற்றி முடித்தாள். அந்த நேரம் பார்த்துக் குன்னத்தில் மூன்று வீடுகளிலும் விக்கிரமங்கலத்தில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லாமலே பல்பு எரிந்தது. லைன்மேன் செல்லதுரை வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினார், எரிந்தது. ஒயரை வெட்டினார், அப்போதும் எரிந்தது. மக்காச்சோளம் களையெடுப்பு நேரம் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வளர்மதி பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை. வீட்டில் எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்ட அவளுடைய அக்கா, இரண்டு வருடத்துக்கு முன் முப்பத்துநாலு வயதில் மார்பில் கட்டி வந்து இறந்துபோனாள். அடுத்து தங்கச்சி மலர்கொடிக்கும் வருமா என்பது தெரிந்தாக வேண்டும் என்றுதான் பழுதானால் புற்றுநோயைத் தொடக்கிவைக்கும் மரபணுக்களைப் பட்டியலிட ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் திருச்சி நூலகத்துக்குப் போய்க் குறிப்பெடுப்பாள். வாலிகண்டபுரம்வரை வீடு வீடாகப் போய் யார் எந்த நோயில் போனார்கள் என்று எழுதி வருவாள். கேட்பவர்களுக்கு விளக்கவும் அலுக்கமாட்டாள். பழுதான செல்லை மேலே பெருகவிடாமல் நிறுத்துகிற மரபணு, பஸ்ஸுக்கு பிரேக் மாதிரி. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பிரேக். ஒன்று பழுதாகவே பிறந்தாலும் மற்றதை வைத்து ஓட்டிவிடலாம். அதுவும் போனால்தான் வண்டி நிற்காது.

ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்காவது நோய் வந்திருந்தால்தான் அந்தக் குடும்பத்தை மரபணுவோடு சேர்ப்பாள். சேர்த்த வீட்டில் பல்பு எரியும். யாரால் எரிகிறது என்பதைச் செல்லதுரை கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக ஊர் எல்லைக்கு அனுப்புவார். யார் போனதும் அணைகிறதோ அவருக்குத்தான் பிரேக் பழுது. நாலு வருடத்தில் பதினாலு பேர் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார்கள்.

குன்னத்திலேயே இருந்த வளர்மதி வீட்டில் மட்டும் எரியவில்லை. அவளும் விடவில்லை; நூற்றுப்பத்து மரபணுக்களை ஏற்றினாள்.

"ஊரு பூரா வெளிச்சம் போட்டுட்டு உங்க வூட்ட இருட்டா வச்சிருக்கீங்களே டீச்சர்" என்றார் செல்லதுரை.

2002 தையில் மலர்கொடிக்கு முப்பத்திரண்டு முடிந்தது. வெங்காயம் ஆய்ந்துகொண்டே அச்சடித்த தாள்களைப் புரட்டியவள் கேட்டாள்: "பாப்பாக்கா எங்கக்கா?"

"இந்தா, பாக்யலட்சுமி."

"இது நம்ம அம்மாயி இல்ல? பொறந்தது அறுபத்திரண்டு, செத்தது அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாளா?"

வளர்மதி தாளை வாங்கிப் பார்த்தாள். அம்மாவைப் பெற்ற அம்மாயி மார்பில் கட்டி வந்து செத்தபின் அவள் பெயரைத்தான் அக்காவுக்கு வைத்திருந்தார்கள். பெரியவர் பெயரைச் சொல்லி அதட்டக்கூடாது என்றுதான் பாப்பா ஆக்கினார்கள். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே நோய் என்றிருந்தால் ஒரே ஆள் என்று எண்ணி, வரிகளை ஒன்றாக்கச் சொல்லி கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதியது வளர்மதிதான். இடையிலிருந்த அம்மா முப்பது வயதில் பருத்திக் காட்டில் பாம்பு கடித்துப் போனதால், நோய் கடந்துவந்த வழி கண்ணில் படவே இல்லை; இரண்டு பேர் ஒருவராகிப்போனதில் வீடு எந்த மரபணுவோடும் சேரவும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே பெரம்பலூர் போய், பாட்டன் பாட்டி பெயர் வைத்த அறுபத்தொரு வரிகளையும் பிரித்துப்போட்டாள். சாயங்காலம் குன்னத்தில் இறங்கியபோது ரோட்டிலிருந்தே வீட்டு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நுழையாமல் ஊர் எல்லைக்கு நடந்தாள். அவள் போனதும் அது அணைய வேண்டும் என்று அவ்வளவு விரும்பினாள். அது அணையவில்லை.

"நான்தானா?" என்றாள் மலர்கொடி. "சரி, காலையில எத்தன மணி பஸ்ஸு?"

திருச்சியில் கட்டி கடுகளவில் பிடிபட்டது. அறுத்தெடுத்தார்கள்.

2007இல் பட்டியல் முன்னூறைத் தாண்டிவிட்டது. குன்னத்து வீட்டில் அந்தப் பல்பு இன்னும் எரிகிறது. ரீடிங் எடுக்க வருபவர் அதற்குக் கணக்கில்லை என்று அட்டையில் எழுதிப் போகிறார். மழைநாளில் கொட்டகைக்கு மாடு பார்க்கப் போகும்போது மலர்கொடி அதைக் கழற்றி, எரிய எரியக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள்.