பாதி மை

புது கார்ட்ரிட்ஜின் விலையைக் கேட்டு வாயடைத்துப் போகாதவர்கள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பிரிண்டரைக் கிட்டத்தட்ட சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்குள் போகிற துளி மைக்கு ஆயுசு முழுக்க ஆளைப் பிழிந்து எடுக்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் நாலுகலரின் வீட்டு அடுப்பு எரிந்தது.

நாலுகலர் என்பது தெரு வைத்த பெயர். எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அவன் விரல்களை விட்டுக் கறுப்பும் நீலமும் சிவப்பும் மஞ்சளும் போகாது. நாற்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். காலி கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்து கொடுத்தால், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ஊசியைத் துளைக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் பஞ்சு எந்த வேகத்தில் குடிக்கிறதோ அந்த வேகத்தில் மையை ஏற்றுவான். அவசரப்பட்டால் மை வெளியே பொங்கிவிடும். அவனுக்கு அவசரம் தெரியாது. கல்லாவில் அவனுடைய அக்கா இருந்தாள். அவசரமெல்லாம் அவள் பொறுப்பு.

அந்தக் கடைக்கு ஒரு பெண் முதல்முறை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். சான்றிதழ், ஒப்பந்தம் என்று ஊரார் காகிதங்களை வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுப்பவள். கறுப்பு மட்டும்தான் தீரும். அவன் ஊசி பிடித்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க இப்படிப் புடிச்சுக்கிட்டே இருந்தா கை வலிக்காதா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வலிக்கும் என்பதே அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. ஆள் அதோடு தொலைந்தான்.

முழுசாக ஊற்றிக் கொடுத்ததால் அடுத்து அவள் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் வாசலில் நிழல் ஆடும்போதெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து அவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. இரண்டாம் முறை அவள் கார்ட்ரிட்ஜை நீட்டியபோது, ஊசி பாதியிலேயே நின்றுவிட்டது. திட்டம் போட்டெல்லாம் நிறுத்தவில்லை, கை தானாக நின்றது என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாதிக் காசுதான் வாங்கினான். பாதி மைக்குப் பாதிக் காசு, இதில் யார் தலையில் யார் மிளகாய் அரைத்தார்கள் என்று மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்தான்.

மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. மறுபடி மை ஊற்றிய கார்ட்ரிட்ஜை எந்தப் பிரிண்டரும் நம்பாது. உள்ளே நிரம்பி வழிந்தாலும் 'மை தீர்ந்துவிட்டது' என்றே திரையில் புலம்பும். அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க அவள் பழகியிருந்தாள். எழுத்து வெளிறும்போதுதான் தெரியும். வெளிறியதும் கிளம்பி வருவாள்.

அப்படி மாதம் தவறாமல் வந்தாள். ஈரமான காகிதத்தில் அவன் கார்ட்ரிட்ஜை ஒற்றி எடுத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். "இன்னிக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் சார். பூனை வளக்கக் கூடாதுன்னு மூணு எடத்துல எழுதியிருக்கான். அந்தப் பூனை அவன என்ன பாடு படுத்துச்சோ." இதை நினைத்து அவன் ஒரு வாரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒற்றி எடுக்கும் வேலையை எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு இழுத்தான். கேட்க வேண்டியது மட்டும் ஒவ்வொரு முறையும் தொண்டை வரை வந்து நின்றது.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. மலிவாக ஊற்றித் தருகிற நல்ல மனுஷன் என்று அவள் தன் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்தாள். ஒரு கூட்டமே வந்து பாதி விலை கேட்டது. அக்கா அவர்களை அனுப்பிவிட்டு இவன் பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்த மொழிபெயர்ப்புக்காரிக்கு மட்டும் ஏன்டா பாதி ரேட்டு?"

"பழகினவங்கக்கா."

"நானும்தான் பொறந்ததுலேர்ந்து பழகுறேன். எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கியா?"

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "சொல்லித் தொலையேன்டா அவகிட்ட," என்றாள். அவன் ஊசியைக் கழுவப் போய்விட்டான்.

ஒரு நாள் அந்தப் பெண் முகம் தொங்கிப்போய் வந்தாள். பெரிய ஒப்பந்தம் ஒன்றின் கடைசிப் பக்கங்கள் வெளிறி வந்துவிட்டனவாம். வேறு வழியில்லாமல் அப்படியே கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று மூஞ்சிமேல் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலை கொடுத்த ஆள் இனி வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டானாம். இனிமேல் முழுசாகத்தான் ஊற்றுவது என்று நாலுகலர் முடிவு செய்தான். செய்துவிட்டு, முக்கால்வாசியில் நிறுத்தினான். ஆசை மனுஷனை எவ்வளவு கேவலமாக்கும் என்பதற்கு அந்த முக்கால்வாசி போதும்.

அடுத்த தடவை அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"புது பிரிண்டர் வாங்கிட்டேன் சார். டேங்க் வெச்சது. ஒரு தடவ பாட்டில் பாட்டிலா ஊத்திட்டா ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்லயாம். ஊத்தத்தான் பயமா இருக்கு. வந்து ஊத்திக் குடுக்குறீங்களா?"

அக்காதான் கல்லாவிலிருந்து, "இப்பவே வருவான்," என்றாள்.

அவள் வீட்டில் ஜன்னல் ஓரம் மேஜை, மேஜை நிறைய அகராதிகள், நடுவில் புது பிரிண்டர். பழையது தரையில் ஒரு மூலையில் கிடந்தது. நான்கு டேங்குகளும் கண்ணாடி மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கோடு. அவன் கறுப்புப் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தான். மை ஏற ஏற, அவளைப் பார்க்காத மாதங்கள் கண் முன்னாலேயே ஏறுவது போலிருந்தது அவனுக்கு. இரண்டு வருஷம். அதன் பிறகும் பாட்டில் வாங்கி அவளே ஊற்றிக்கொள்வாள். பாதி வந்ததும் பழக்கதோஷத்தில் பாட்டிலை நிமிர்த்திவிட்டான்.

"கோடு வரைக்கும் ஊத்தணும்னு போட்டிருக்கே சார்," என்றாள் அவள்.

அவன் பாட்டிலை மேஜைமேல் வைத்தான்.

"உங்க கார்ட்ரிட்ஜுக்கு நான் முழுசா ஊத்துனதே இல்ல மேடம். மொத தடவயோட சரி. அப்புறமெல்லாம் பாதிதான். அதான் பாதிக் காசு."

அவளுக்குப் புரிந்ததும் முகம் சிவந்தது.

"அந்த ஒப்பந்தம் வெளுத்தது?"

"அதுவும்தான்."

"எவ்வளவு நாள் வேலை தெரியுமா அது? எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு பிரிண்டரத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, ராத்திரியெல்லாம் ஒக்காந்து அழுதேன். ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

இத்தனை வருஷம் தொண்டையில் நின்றது, நிற்கக் கூடாத நேரத்தில் வெளியே வந்தது.

"நீங்க சீக்கிரம் திரும்பி வரணும்னு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவனுக்கு அங்கேயே கரைந்து காணாமல் போய்விடலாம் போலிருந்தது. தன் ஏக்கத்துக்கு அவள் கூலி கொடுத்திருக்கிறாள். அது தெரியாமல், பாதிக் காசுதானே வாங்குகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"பைத்தியமா சார் நீங்க?" என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "பக்கத்துத் தெருவுலயே ஒரு கடை இருக்கு. அத வுட்டுட்டு பஸ் ஏறி எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கார்ட்ரிட்ஜ் இல்லாமயே வந்திருப்பேனே."

வந்திருப்பேன் என்றுதான் சொன்னாள். வருவேன் என்று சொல்லவில்லை. அவன் மறுபடியும் பாட்டிலை எடுத்தான். கறுப்பைக் கோடு வரை ஊற்றினான். நீலத்தை ஊற்றினான். சிவப்பை, மஞ்சளை. ஒரு சொட்டு சிந்தவில்லை. நான்கு மூடிகளையும் அழுத்தி மூடினான். பிரிண்டர் உறுமி, ஒரு பக்கத்தைத் துப்பியது. எழுத்துகள் கன்னங்கரேலென்று இருந்தன. அவள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"காசு எவ்வளவு?"

"வேண்டாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினான். இறங்கியவன் நின்று திரும்பினான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாங்க," என்றான்.